எல்டர்கோட் தச்சரின் அளவு

இது நடந்தது. சென்ற டிசம்பரில், மொன்றியலில், ஒரு செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் நடந்தது.

நான் இரசாயனவியல் படித்தவள். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்த் தேநீர் வைப்பவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள். இப்படி ஒன்றை எழுதி மற்றவர்களுக்குக் காட்ட எனக்கு ஆசையில்லை. எழுதாமல் இருந்தால் தூக்கம் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேரங்களைச் சரியாகக் குறித்திருக்கிறேன். நேரம் குறிப்பதுதான் என் வேலையாக இருந்தது. எண்களையும் அப்படியே தருகிறேன், ஒன்றைத் தவிர. அந்த ஓர் எண்ணை இங்கே எழுதமாட்டேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

சபானெல் தெருவில் முன்பு தையல் தொழிற்சாலையாக இருந்த கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில் ரதீசன் அண்ணைக்கு இரண்டு அறைகள் இருக்கின்றன. பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். தொடக்கத்தில் எங்கள் ஆட்களின் கலியாண கசெட்டுகள். பிறகு யார் கொண்டுவந்தாலும். ஐம்பது வருட நாடா ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓடவிட்டால் உரிந்துவிடும். அதை ஐம்பத்துநாலு பாகை சூட்டில் எட்டு மணிநேரம் வைத்து எடுக்கவேண்டும். என்னை வேலைக்கு எடுத்தது அதற்காக. பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்கும் பிடித்திருந்தது. சூடாக்குவேன், ஓடவிடுவேன், கேட்பேன், கேட்டதை அட்டவணையில் எழுதுவேன்.

ஒக்டோபரில் நகரின் மேற்கு ஓரத்திலுள்ள பியர்பொன்ட்ஸிலிருந்து ஹெலன் என்ற பெண்மணி பதினொரு ஒலிநாடாச் சுருள்களைக் கொண்டுவந்தார். அவருடைய சித்தி இங்கிலாந்தில் எல்டர்கோட் என்ற கிராமத்தில் ஆசிரியையாக இருந்தவர். 1974இல் ஓர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊரின் வயதானவர்களிடம் போயிருக்கிறார். அவரிடம் ஒரு முறை இருந்தது. கண்ணை மூடச் சொல்வார். “தெருமுனையில் நிற்கிறீர்கள். முதல் வீடு யாருடையது?” என்று கேட்பார். அவர்கள் சொல்லி முடித்ததும் “அடுத்தது?” என்பார். அப்படியே தெரு முடியும்வரை நடத்திப்போவார்.

சர்ச் தெரு, ஆலைச் சந்து, பின் சந்து. மூன்றே தெரு. முப்பது வீடு. அட்டவணையில் வீட்டுக்கு ஒரு வரி. ஆசிரியை கையால் வரைந்த வரைபடமும் பெட்டியில் இருந்தது.

முதல் வீடு கொல்லர். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அவர் வாசலில் நின்று குதிரைக்கு லாடம் அடிப்பதைப் பார்ப்பார்கள். அடுத்தது சேணம் தைப்பவர், எப்போதும் வாயில் ஊசி இருக்குமாம். அடுத்தது பேக்கரி. ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்ப் பெண்கள் இறைச்சித் தட்டுகளை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தேவாலயத்துக்குப் போவார்கள். பாண் சுட்டு மிஞ்சிய சூட்டில் இறைச்சி வெந்திருக்கும். யாருடைய தட்டு எது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் கட்டியிருக்கும். ஆலைச் சந்தில் வண்டிச் சக்கரம் செய்பவர். இரும்பு வளையத்தைச் சிவக்கக் காய்ச்சிச் சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார். அந்த நாளில் பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடமாட்டாள், புகைக்குப் பயந்து.

எட்டுச் சுருள் முடிந்தபோது அந்த முப்பது வீடும் எனக்கு மனப்பாடம். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் தெருவில் எதிர்வீட்டில் இருப்பது யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் தொடர்ந்து கேட்டதில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆசிரியை “அடுத்தது?” என்று கேட்கும்போது நானும் வாய்க்குள் கேட்பேன். அடுத்தது? அடுத்தது? சில நாள் அம்மா சோறு போடும்போதுகூடக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் அட்டவணையில் ஒரு வரியை எழுதிப் பதிந்துவிட்டால் அழிக்கமுடியாது. திருத்தலாம். திருத்தினால் காரணம் எழுதவேண்டும். முன்பு வேலை செய்த ஒருவர் நாற்பது வரியை அழித்துவிட்டுப் போனதற்குப் பிறகு ரதீசன் அண்ணை செய்த ஏற்பாடு அது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது சுருளை எடுத்தேன். பெட்டியின் மேல் ஆசிரியையின் கையெழுத்து: “எய்மஸ் பென்லி, தச்சர், பின் சந்து.” கீழே ஒரு வரி இருந்தது. ஈரத்தில் மை பரவி வாசிக்க முடியவில்லை.

சூடாக்கிய நாடா வழக்கமாகப் பழைய மெழுகு மணக்கும். இது மணந்தது வேறு. அப்போதுதான் அறுத்த மரத்தூள் மாதிரி. குறிப்பில் எழுதிவைத்தேன். பிற்பகல் 3:26.

ஓடவிட்டேன். ஹெட்போனில் முதலில் இரைச்சல். பிறகு வாள் சத்தம். கர்ர்ர்… கர்ர்ர்… யாரோ நிதானமாகப் பலகை அறுக்கிறார்.

3:31. ஒரு கிழவரின் குரல்.

“தச்சுப் பட்டறை, பின் சந்தின் கடைசி. வண்டிக்குப் பலகை, வாசலுக்குக் கதவு, சவத்துக்குப் பெட்டி. மூன்றுக்கும் ஒரே வாள்.”

நான் எழுதினேன்.

“எனக்கு எழுத வராது. ஆள் அனுப்பினால் அளவுகோலை எடுத்துக்கொண்டு போவேன். அளவைத் தலைக்குள் வைத்துக்கொண்டு வருவேன். மனைவி கேட்பாள், எழுதுவாள். எழுதினால்தான் அறுப்பேன். எழுதியதைத்தான் அறுப்பேன்.”

பிறகு அமைதி.

ஆசிரியை ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன். சுருள் தொடங்கியதிலிருந்து ஆசிரியையின் குரலே இல்லை.

அமைதி நீண்டது. பத்து விநாடி. இருபது.

“அடுத்தது?” என்றேன். வாய்க்குள்தான். பழக்கம்.

“கொல்லர் வீடு,” என்றது குரல். “ஐந்தடி பத்து. தோள் அகலம். பெட்டி வாசலால் போகவில்லை, சாளரத்தால் இறக்கினோம்.”

அமைதி.

தற்செயல் என்று நினைத்தேன். உண்மையில் நான் எதுவும் நினைக்கவில்லை. கை எழுதிக்கொண்டிருந்தது.

“அடுத்தது?”

“சேணக்காரர் வீடு. மனைவி. ஐந்தடி.”

“அடுத்தது?”

“பேக்கரி. ஒரு குழந்தை. அதைச் சொல்லமாட்டேன்.”

இப்படியே மூன்று தெருவும் போனோம். மற்றச் சுருள்களில் தொழில்களால் தெரிந்த வீடுகள். இதில் அளவுகளால். நான் கேட்காவிட்டால் அவர் சொல்லவில்லை. கேட்டதும் சொன்னார். பேக்கரியைத் தவிர மற்ற வீடுகளின் குறிப்பில் அளவைச் சேர்த்தேன்.

முப்பதாவது முடிந்தது. ஊர் முடிந்தது. வரைபடமும் முடிந்தது.

மணி 4:12. சாளரத்துக்கு வெளியே இருட்டிவிட்டது. டிசம்பரில் எங்களுக்கு அந்த நேரத்தில் சூரியன் போய்விடும்.

சுருள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என் வாய் தானாக அசைந்தது.

“அடுத்தது?”

“அடுத்தது அந்த இரும்புப் படி வீடு.”

வரைபடத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வீடு இல்லை.

“தெருவிலிருந்து வளைந்து மேலே போகிற இரும்புப் படி. வீட்டுக்கு வெளியே. மேலே பச்சைக் கதவு. தகப்பன் கப்பலில் வரும் பெட்டிகளை இறக்குகிறவன். ஒரு மகள்.”

எழுதினேன். இரும்புப் படி. பச்சைக் கதவு. தகப்பன். மகள்.

“மகளுக்கு என்ன தொழில்?” ஆசிரியை எல்லோரையும் கேட்கும் கேள்வி அது. நான் கேட்டேன்.

“கேட்கிறவள்.”

தொழில்: கேட்பவர். எழுதினேன்.

“அந்தப் படிக்கு ஒரு பெட்டி சொல்லியிருக்கிறது. எல்ம் மரம். வியாழக்கிழமைக்கு வேண்டும்.”

பிறகு அளவைச் சொன்னார். அடி, அங்குலம், அரை.

எழுதினேன். பதிந்தேன். 4:14.

பதிந்த பிறகுதான் வாசித்தேன்.

முப்பத்தோராம் வரி.

எங்கள் வீட்டுக்கு வெளியேதான் இரும்புப் படி. எங்கள் கதவு பச்சை. அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் கொண்டெய்னர் இறக்குகிறவர்.

இயந்திரத்தை நிறுத்தினேன். சுருள்கள் நின்றன. என் கண்ணால் பார்த்தேன். இரண்டும் அசையவில்லை.

கர்ர்ர்…

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

கர்ர்ர்… கர்ர்ர்…

மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து கேட்டது.

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். விளக்கைக்கூட அணைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது 5:20. படியின் கீழே கிறேஸ் அக்கா ஒரு கையில், உறைபனியை உருக்கப் படியில் போடும் உப்பு வாளியோடு நின்றார். எங்களுக்குக் கீழ்வீடு. மன்னார் ஆள். கணவர் இறந்து ஆறு வருடம். மகள் ஷெரோன் ரொறொன்ரோவில். வீட்டிலேயே சட்டை தைப்பார். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். பார்க் எக்ஸ்டென்ஷனில் பாதிப் பெண்களின் சேலைச் சட்டை அவர் கையால் வந்ததுதான்.

“என்ன பிள்ளை, ஓடி வாறாய்? நாய் கலைச்சதோ?”

“இல்லை அக்கா. குளிர்.”

“இண்டைக்கும் வெள்ளைக்காரற்ற ஊர்க் கதைதானோ?”

தலையாட்டினேன்.

“அதைக் கேக்கிறதுக்கு உனக்குச் சம்பளம். என்ர கதையைக் கேக்க ஒருத்தருமில்லை. நான் சும்மா சொல்லுறன், ஒருநாள் வந்து கேள்.”

“வாறன் அக்கா.”

“இதைத்தான் போன தைப்பொங்கலுக்கும் சொன்னனீ.” சிரித்தார். சிரிக்கும்போது என் தோளில் தட்ட அவர் கொஞ்சம் எட்டவேண்டியிருந்தது. “மெல்ல ஏறு. மேல் ரெண்டு படியும் வழுக்கும். நான் போட்ட உப்பு அதுவரை வரேல்லை.”

அப்பா ஏற்கெனவே வேலைக்குப் போயிருந்தார். மாலை முறை அவருக்கு. தினமும் 4:10க்கு வீட்டிலிருந்து இறங்குவார், இரவு ஒன்றரைக்கு வருவார். அன்று அவர் திரும்பும்வரை விழித்திருந்தேன். படியில் அவர் காலடி கேட்டது. ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினேழு. வந்துவிட்டார்.

புதன்கிழமை காலை 8:05. அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இரும்பு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன்.

“அப்பா, கொஞ்சம் சுவரோட நில்லுங்கோ.”

“என்னத்துக்கு?”

“சும்மா.”

“என்ன, பெட்டிக்கோ அளவு எடுக்கிறாய்?” என்றார் அப்பா. தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

“விடியக் காத்தால என்ன வாய் இது!” என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார்.

இரண்டு முறை அளந்தேன். மூன்றாம் முறையும் அளந்தேன். ஒரே எண். நான் முப்பத்தோராம் வரியில் எழுதிய எண். அரை அங்குலம்கூட மாறவில்லை.

வேலைக்குப் போனதும் ரதீசன் அண்ணையைக் கூப்பிட்டேன். நான் அவரை எதற்கும் கூப்பிட்டதில்லை. ஆச்சரியமாக வந்தார். ஒன்பதாவது சுருளை அவருக்குப் போட்டேன். ஐந்து நிமிடம் கேட்டார்.

“இரைச்சல்தானே பிள்ளை. வேறொண்டும் இல்லை.”

“வாள் சத்தம்?”

“இல்லை.”

நானும் கேட்டேன். உண்மைதான். இரைச்சல் மட்டும். எங்கே நகர்த்தினாலும் இரைச்சல்.

“நேற்று என்ன சாப்பிட்டனீ?” என்றார்.

“அண்ணை, ஒரு வரியை அழிக்கவேணும்.”

“அழிக்கேலாதெண்டு தெரியும்தானே. பிழையெண்டா திருத்து. காரணத்தைப் போடு.” போகும்போது திரும்பிப் பார்த்தார். “நாளைக்கு லீவு எடு. நீ லீவெடுத்து நான் கண்டதில்லை.”

நாள் முழுவதும் அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். நான் படித்த காலத்தில் ஒருநாளும் ஓர் எண்ணை மாற்றியதில்லை. பரிசோதனை பிழைத்தால் பிழைத்த எண்ணைத்தான் எழுதுவேன். அதற்காக மதிப்பெண் குறைந்திருக்கிறது. அதைப் பற்றி எனக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

4:09. ரதீசன் அண்ணை தபாலுக்குப் போயிருந்தார். தனியே இருந்தேன். ஹெட்போனை மாட்டினேன்.

கர்ர்ர்… கர்ர்ர்…

இன்று வேகமாக. கிட்டத்தில்.

எழுதியதைத்தான் அறுப்பேன்.

நான்தானே எழுதினேன்.

திருத்து என்பதை அழுத்தினேன். அளவு இருந்த இடம் வெறுமையானது. அப்பாவின் அளவு போய்விட்டது. இனி ஏதாவது எழுதவேண்டும். அம்மா ஐந்தடி நாலு. நான் ஐந்தடி மூன்று. எங்கள் வீட்டில் மூன்றே பேர். மூவருக்கும் பொருந்தாத ஓர் எண் வேண்டும்.

ஐந்தடி ஒன்றரை அங்குலம் என்று எழுதினேன்.

ஏழடி என்று எழுதியிருக்கலாம். பத்தடி என்று எழுதியிருக்கலாம். அன்று தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் தோன்றுகிறது.

காரணம்: “முதல் பதிவில் தவறு.” பதிந்தேன். 4:12.

வாள் நின்றது.

சட்டென்று. பலகையின் நடுவில் நின்றது போல.

பிறகு ஒரு மெல்லிய சத்தம். மரத்தில் பென்சிலால் கோடு இழுப்பது போல. ஒரு கோடு. இன்னொரு கோடு.

பிறகு மறுபடி வாள்.

வியாழக்கிழமை நான் லீவு. காலையில் படி முழுவதற்கும் உப்புப் போட்டேன். பதினேழு படிக்கும். அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். மத்தியானம் மறுபடி போட்டேன். படி காய்ந்து, இரும்பு தெரிந்தது. பனி ஒரு துளிகூட இல்லை.

எண்ணை மாற்றிவிட்டேன் என்ற தைரியம் எனக்கு வரவில்லை. 3:15க்கு அப்பா வேலைச் சப்பாத்தைத் துடைக்க எடுத்தபோது போய் முன்னால் நின்றேன்.

“அப்பா, இண்டைக்குப் போகாதேங்கோ.”

“ஏன்?”

அழுதேன். அப்பா பயந்துவிட்டார். நான் அழுது அவர் பார்த்தது பள்ளிக்கூடக் காலத்தில். ஒன்றும் கேட்காமல் சப்பாத்தை வைத்துவிட்டு, வயிற்றுவலி என்று கிடங்குக்குத் தொலைபேசி எடுத்தார்.

அம்மா அதைக் கிறேஸ் அக்காவுக்கும் சொல்லிவிட்டார்.

3:52. கதவு தட்டிய சத்தம். கிறேஸ் அக்கா. கையில் மூடி போட்ட சட்டி.

“அண்ணைக்கு வயித்துக்குள்ள சரியில்லையாமே. மிளகு ரசம் வச்சனான்.” உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “நல்ல வருத்தக்காரன்தான்!”

“மகளின்ர ஓடர்,” என்றார் அப்பா. “நான் என்ன செய்ய?”

எல்லோரும் சிரித்தார்கள். கிறேஸ் அக்கா இருந்து தேநீர் குடித்தார். ஷெரோன் நத்தார் பண்டிகைக்கு வருவாள் என்றார். அவளுக்கு ஒரு நீலச் சட்டை தைத்து வைத்திருக்கிறாராம். தன் கழுத்தில் தொங்கிய நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார்.

“எல்லாருக்கும் தைக்கிறியள், உங்களுக்கு எப்ப?” என்று அம்மா கேட்டார்.

“எனக்கென்ன. ஊருக்கெல்லாம் நான் அளவெடுக்கிறன். என்னை ஆர் அளக்கிறது?”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 4:08. அப்பா சோபாவில். 4:09. அப்பா சோபாவில்.

“நான் வரட்டே. அடுப்பில வெங்காயம் கிடக்கு.” வெறும் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் கன்னத்தைத் தொட்டார். “என்ன பிள்ளை, முகம் வெளிறிக் கிடக்கு? நாளைக்குக் கீழ வா. கதைப்பம்.”

“ஓம் அக்கா,” என்றேன். அவரைப் பார்க்காமல். அப்பாவைப் பார்த்துக்கொண்டு.

கதவு சாத்தப்பட்டது. 4:11.

அப்பா சோபாவில்.

4:12.

சட்டி மூடியின் சத்தம் முதலில்.

டங்…

டங்… டங்…

இரும்பில் மோதி மோதி அது கீழே போனது.

அதோடு இன்னொரு சத்தம். கனமாக.

பிறகு ஒன்றுமில்லை.

நான்தான் முதலில் கதவைத் திறந்தேன்.

படி காய்ந்திருந்தது. உப்பு ஒவ்வொரு படியிலும் வெள்ளையாகக் கிடந்தது.

கீழே அவர் படுத்திருந்தார். நேராக. கால்கள் சேர்ந்து, கைகள் பக்கத்தில். விழுந்தவர் அப்படிக் கிடக்கமாட்டார். அளவெடுக்கப் படுக்கவைத்த மாதிரி…

கழுத்து நாடா அவிழ்ந்து, தலையிலிருந்து கால்வரை, அவருக்குப் பக்கத்தில் நீண்டு கிடந்தது.

ஆம்புலன்ஸ் 4:23க்கு வந்தது. தேவையிருக்கவில்லை.

ஷெரோன் இரவே காரில் வந்துவிட்டாள். சனிக்கிழமை அவளுக்கு ஒரு படிவம் வந்தது. விழுந்து இறந்ததால் மரண விசாரணை அதிகாரியின் தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், வாசிக்க முடியவில்லை. “நீ வாசி,” என்று என்னிடம் தந்தாள். பெயர். வயது. முகவரி. பிரெஞ்சில் ஒவ்வொன்றாக வாசித்தேன்.

உயரம்: 156 செ.மீ.

அங்கேயே நின்றுவிட்டேன். 156ஐ 2.54ஆல் பிரித்தால் 61.4. அறுபத்தொன்றரை அங்குலம் என்று வையுங்கள்.

ஐந்தடி ஒன்றரை.

“அம்மா இவ்வளவு கட்டையோ?” என்றாள் ஷெரோன். “நான் அவவை அளந்ததே இல்லை.”

அவள் மேலே அந்த நீலச் சட்டையைப் போட்டிருந்தாள்.

தேவாலயத்தில் நான் கடைசி வரிசையில் நின்றேன். பெட்டியின் பக்கம் போகவில்லை. என்ன மரம் என்று யாரிடமும் கேட்கவில்லை. வாசலில் அம்மா சொன்னார், “எல்லாரும் சொல்லீனம், உன்ர அப்பாவுக்கு ரசம் கொண்டுவந்துதான் போனவ எண்டு.” அது பாதி உண்மைதான் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரியில் வேலையை விட்டேன். அதற்கு முன் ஒரு கடமை இருந்தது. பதினொரு சுருளையும் ஹெலனிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். தபாலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பஸ் மாறி பியர்பொன்ட்ஸுக்குப் போனேன். சின்ன வீடு, முன்னால் பனி வாரிய பாதை. ஹெலன் தேநீர் தந்தார். அவர் வீட்டில் சித்தியின் பழைய ஒலிப்பதிவுக் கருவி இருந்தது.

ஒன்பதாவது சுருளைப் பற்றி மட்டும் கேட்டேன். பென்லியை அவருக்குத் தெரியுமா என்று.

“தெரியாது. சித்திக்கும் கிடைக்கவில்லையே,” என்றார். “அவர் எழுபத்திரண்டிலேயே இறந்துவிட்டார். சித்தி போனபோது பட்டறை பூட்டிக் கிடந்தது. தெருவில் அந்த ஓர் இடம் மட்டும் விடுபடக்கூடாது என்று வெறும் பட்டறைக்குள் கருவியை வைத்து ஓடவிட்டாராம். பெட்டியின் மேல் எழுதியிருப்பார், பாருங்கள். ‘ஆள் இல்லை. அறையின் ஒலி மட்டும்.’”

மை பரவிய அந்த வரியைப் பார்த்தேன். தெரிந்துகொண்ட பிறகு வாசிக்க முடிந்தது.

நான் வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்குப் பிறகு ஹெலன் தொலைபேசி எடுத்தார். மாலை 4:12. கடிகாரத்தைப் பார்க்காமலே தெரிந்தது.

“நீங்கள் கேட்டதால் ஒன்பதாவது சுருளைப் போட்டுப் பார்த்தேன்,” என்றார். “முழுவதும் இரைச்சல்தான். கடைசியில் மட்டும் ஓர் ஆள் பேசுகிறார். வயதான குரல். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, உங்களுக்கு விளங்குகிறதா?”

“என்ன சொல்கிறார்?”

“‘நன்றி, மகளே. நீ திருத்தியிராவிட்டால் நீளமாக அறுத்திருப்பேன்.’”

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

அவருக்கு வேண்டியிருந்தது முதலிலிருந்தே கிறேஸ் அக்காவா? அல்லது நான் எழுதியதால்தானா? இன்றுவரை தெரியாது. முதலாவது என்றால் நான் குற்றவாளி இல்லை. இரண்டாவது என்றால்… ஒவ்வொரு இரவும் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறேன்.

“அதற்குப் பிறகு?” என்று கேட்டேன்.

“அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றுமில்லை. ‘அடுத்தது?’ என்று கேட்கிறார். கொஞ்சநேரம் காத்திருக்கிறார்.”

அன்று சற்றுப் பிந்திவிட்ட அப்பா உள்ளேயிருந்து சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டு வந்தார். பச்சைக் கதவைத் திறந்தார். குளிர் உள்ளே வந்தது. அவர் காலடியை எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று. பதினேழுவரை எண்ணினேன்.

அவர் இன்றும் தினமும் அப்படித்தான் இறங்குகிறார். நான் தினமும் எண்ணுகிறேன். அவருடைய உயரம் எனக்குத் தெரியும். அரை அங்குலம் பிசகாமல் தெரியும்.

அதை நான் எங்கேயும் எழுதமாட்டேன்.